சீலாதாரில் வீடு பூட்டும் நாள்

704-க்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. என் வாசலிலிருந்து அந்த வாசல் ஏழே அடி. அந்த ஏழு அடியைக் கடக்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

டெல்லி துவாரகாவில் இது அதிசயம் இல்லை. எங்கள் சொசைட்டியில் நூற்றறுபது குடித்தனங்கள். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. வாட்ஸப் குழுவில் நான் 703. தண்ணீர் வரவில்லை என்று முதலில் கத்துபவர் 201. நாயைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் 505-ம் 506-ம். கேட்டிலிருக்கும் காவல்காரர் இண்டர்காமில், "சாப், 703-க்கு பார்சல்" என்பார். சிறையில்தான் இப்படிக் கூப்பிடுவார்கள் என்று என் மனைவி ராஜம் அடிக்கடி சொல்வாள். அவள் அப்போது ஐதராபாத்தில் மகள் வீட்டில் இருந்தாள். பேரக்குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

என் பெயர் கல்யாணராமன். அரசாங்க அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்துகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் திருத்தச் சொல்லவில்லை. குழுவில் வரும் செய்திகளில் இருக்கும் பிழைகளை நானே மனதுக்குள் திருத்திக்கொண்டு பொழுதைப் போக்குவேன்.

அன்று கதவைத் தட்டியவளை எனக்குத் தெரியும். 704. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம்.

"அங்கிள், நீங்க ப்ரெஸ்ல இருந்தீங்கன்னு கேட்ல இருக்கற கார்டு பையா சொன்னாரு. ஒரு ஹெல்ப் வேணும்."

அவள் ஒரு புத்தகம் முடித்திருந்தாள். சீலாதார் என்கிற சின்ன மலையூரின் வரலாறு. டெல்லியில் இருக்கும் அந்த ஊர்க்காரர்களின் சங்கம் எழுதச் சொல்லியிருந்தது. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். கடைசியில் இருபது பக்கத்துக்கு ஊரில் வாழ்ந்த எல்லோருடைய பெயர்ப்பட்டியல், வீடு வீடாக. அதில் ஒரு பெயர் பிசகினாலும் ஊர்க்காரர்கள் மனம் நோவார்கள்.

"அதுக்கென்னம்மா, ஒரு ஆள் உரக்கப் படிக்கணும், ஒரு ஆள் அச்சுப் பக்கத்தைப் பார்த்துண்டு டிக் போடணும். எங்க ஆபீஸ்ல அப்படித்தான். கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது" என்றேன். குரலில் பெருமை வழிந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து யாரும் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிடவில்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போனதும் நான் செய்த முதல் காரியத்தை இன்றுவரை நொந்துகொள்கிறேன். அவள் கதவைச் சாத்தப்போனாள். நான் தடுத்தேன்.

"திறந்தே இருக்கட்டும்மா. ராஜம் ஊர்ல இல்லை. நாலு பேர் நாலு விதமாப் பேசுவா."

அவள் சிரித்துவிட்டுத் திறந்தே விட்டாள். நான் அத்தோடு நிற்கவில்லை. நாற்காலியை இழுத்து வாசற்படியை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். போகிறவர் வருகிறவர் பார்த்தால் கிழவன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியட்டும் என்பது என் எண்ணம். அவள் உள்ளே மேஜையருகே உட்கார்ந்தாள். வெளியே வைக்கோல் புகை கலந்த நவம்பர் மூட்டம். எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. தலைக்கு மேலே விமானங்கள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

முதல் அத்தியாயங்களையும் ஒரு புரட்டு புரட்டினேன். நல்ல இந்தி, எளிமையாக இருந்தது. அந்த ஊர் பதினோராயிரம் அடி உயரத்தில் ஒரு மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வீடுகள். ஒரு காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உப்பும் கம்பளியும் ஆட்டு முதுகில் வரும், இந்தப் பக்கத்திலிருந்து தானியமும் வெல்லமும் போகும். எல்லை மூடியதும் அது நின்றது. பிறகு உருளைக்கிழங்குப் பயிர். பிறகு எண்பதுகளில் ரோடு வந்தது. பத்து வருஷம் மனுப் போட்டுக் கொண்டுவந்த ரோடு. அதில் வந்த முதல் பஸ்ஸிலேயே ஏழு பையன்கள் டெல்லிக்கு ஏறிப்போனார்கள், ஓட்டல்களில் பாத்திரம் தேய்க்க. ரோடு போட்டது ஊருக்கு யாரும் வருவதற்கல்ல, ஊரைவிட்டுப் போவதற்கு என்று எழுதியிருந்தாள். அந்த வரியில் ஒரு காற்புள்ளி தேவைப்பட்டது. போட்டேன்.

பிறகு பெயர்களுக்கு வந்தோம்.

நான் படிப்பேன். அவள் டிக் போட்டு "சரி" என்பாள். அடுத்த பெயர். "சரி". ஒரு மணி நேரத்தில் முப்பது வீடு முடிந்தது. சுருதி சேர்ந்துவிட்ட மாதிரி ஒரு லயம் வந்துவிட்டது. எனக்கு அச்சகத்துக்கே திரும்பிவிட்டது போல சந்தோஷமாக இருந்தது.

முப்பத்தொன்றாம் வீடு. போஸ்ட்மாஸ்டர் குடும்பம். ஒன்பது பெயர்கள்.

"பூபால் சிங்."

"சரி."

"சரூலி தேவி."

"சரி."

"மோகன் சிங்."

"சரி."

என் பிடரியில் காற்றுப் பட்டது. எங்கள் காரிடாரில் ஜன்னல் கிடையாது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது, கதவு மூடியபடி.

"கங்கா."

"சரி."

நனைந்த கம்பளியின் வாசனை வந்தது. அதோடு மண்ணெண்ணெய், ஈரப்பாறை, எரிந்த தேவதாரு. டெல்லியில் நவம்பரில் ஆயிரம் நாற்றங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்று அல்ல.

மிச்சப் பெயர்களையும் படித்தேன். கடைசியாக, வீட்டுப் பெரியவர், போஸ்ட்மாஸ்டர் ஹயாத் சிங்.

"சரி."

அந்த 'சரி' வந்தபோது அவள் டீ டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

இதை நான் அப்போது கவனித்தும் கவனிக்காதது போல விட்டுவிட்டேன். காது ஏமாத்தாது என்று சற்றுமுன் சொன்ன மனிதன் நான். மிச்சம் பதினோரு வீடுகளையும் முடித்துவிட்டு எழுந்தபோது நாலரை மணி. வாசலில் என் நாற்காலிக்குப் பின்னால் தரை ஈரமாக இருந்தது.

மறுநாள் காலை காவல்காரர் இண்டர்காமில் கேட்டார். "சாப், 704 மேடம் வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்திருக்கிறார்களா? கீழே 604 புகார் செய்கிறார். ராத்திரி முழுக்க தலைக்கு மேலே எட்டுப் பத்துப் பேர் நடக்கிற சத்தமாம்."

நான் கதவைத் திறந்து பார்த்தேன். 704 வாசலில் கருப்பான சேறு. ஒட்டும் சேறு, அதில் ஊசி ஊசியாகத் தேவதாரு இலை. துவாரகாவில் அந்த நிறத்தில் மண் கிடையாது.

பத்து மணிக்கு அவளே வந்தாள். கையில் அலைபேசி. முகத்தில் தூக்கமில்லை, ஆனால் பயமும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

"அங்கிள், இதைக் கொஞ்சம் கேளுங்க. போன மாசம் ரெக்கார்ட் பண்ணது. இந்தப் பகுதியைப் புத்தகத்துல போடவேணாம்னு பூபால் பையா சொன்னதால நான் அப்ப சரியாக் கவனிக்கல, திரும்பக் கேக்கவும் இல்ல. நேத்து ராத்திரிதான் கேட்டேன்."

போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பட்டியலில் முதல் பெயரான பூபால் சிங் இப்போது டெல்லியில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் குரல் நிதானமாக இருந்தது.

சீலாதாரில் பனிக்காலம் முழுக்க யாரும் தங்க முடியாது. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கும். பூட்டுவதற்கு முன் வீட்டுப் பெரியவர் வாசற்படியில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் "வந்தேன்" என்று சொல்லிப் படியைத் தாண்டி வெளியே வரவேண்டும். அந்த வருஷம் செத்துப்போனவர்களின் பெயரையும் கூப்பிடுவார்கள். அவர்களுக்காக வீட்டுப் பெண் ஒருத்தி பதில் சொல்வாள். இல்லாவிட்டால் அவர்கள் பனியில் தனியாக இருந்துவிடுவார்களே என்று.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஐந்து நாள் விடாத மழை. ராணுவ லாரிகள் வந்து, உடனே கிளம்புங்கள் என்றன. எல்லோரும் ஓடினார்கள். போஸ்ட்மாஸ்டர் ஹயாத் சிங் மட்டும் பெயர்களைக் கூப்பிடாமல் வீட்டைப் பூட்டமாட்டேன் என்றார். குடும்பத்தை உள்ளே வரிசையாக நிறுத்தினார். முதல் பெயர் பூபால். அவர் "வந்தேன்" என்று வெளியே குதித்து இருபது அடி ஓடியிருப்பார். இரண்டாவது பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அது முடியவில்லை. மலை சரிந்து வீட்டின் மேல் இறங்கிவிட்டது.

பிறகு பூபால் சொன்னார், "அவர்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள். அந்தப் பெயர்களை அச்சடியுங்கள், பரவாயில்லை. எந்த வாசற்படியிலும் உட்கார்ந்து உரக்கக் கூப்பிடாதீர்கள்."

என் கண் 704-ன் வாசற்படிக்குப் போயிற்று.

"நான்தான் வாசற்படில உக்காந்தேன்" என்றேன்.

"நான்தான் பதில் சொன்னேன்" என்றாள் அவள்.

காலையிலேயே பூபாலிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். அவர் முதலில் அழுதாராம். பிறகு விஷயத்தைச் சொன்னாராம். பதில் சொன்ன பெண் அந்த வீட்டுப் பெண். புதன்கிழமை கார்த்திகைப் பௌர்ணமி, வியாழக்கிழமை காலை அவர்கள் கீழே இறங்குவார்கள். இறங்கும்போது அவளையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கால் கேட்காது.

"ஊர்ல சின்னப் பசங்க சில சமயம் விளையாட்டுல வேற வீட்டு வரிசையில போய் நின்னுடுவாங்களாம். அப்ப அவங்க வீட்டு ஆளு வந்து வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும். பூட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சரிதானாம். பூபால் பையா அந்த வீட்டு வரிசை ஆளு, அவர் கூப்பிடக்கூடாதாம்." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு அப்பா அம்மா இல்ல அங்கிள். லோதி ரோடு குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தேன், அவங்க போனதும் அதுவும் போச்சு. நீங்கதான் பக்கத்து வீடு. நீங்க கூப்பிடறீங்களா?"

"எங்கேயாவது கிளம்பிப் போயிடேன்மா. ஒரு ஓட்டல்ல தங்கு."

"எந்த வீட்டுக்குப் போனாலும் வாசற்படி இருக்குமே." பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலச் சொன்னாள். "அவங்க கெட்டவங்க இல்ல. காலைல எழுந்தா அடுப்பங்கரைல யாரோ இருக்கற மாதிரி இருக்கு. நேத்து தூக்கத்துல யாரோ போர்வையை இழுத்து விட்டாங்க. வீட்லேருந்தே வேலை பாக்கறேன் அங்கிள். ஆபீஸ்ல மெயில் வரும், டெலிவரிக்காரன் 704-ங்கறான். நாலு மாசமா என் பேரை ஒருத்தர் வாயால கேக்கல."

நான் வாயைத் திறந்தேன். உன் பெயர் என்னம்மா என்று கேட்டிருக்கவேண்டிய கணம் அதுதான்.

அவளே தொடர்ந்தாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நான் குடிவந்த அன்னிக்கு லிஃப்ட்ல பேர் கேட்டீங்க. ரொம்ப நல்ல பேருன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. அப்புறம் அப்படி யாரும் சொன்னதில்ல."

எனக்கு ஞாபகம் இல்லை. லிஃப்ட் ஞாபகம் இருக்கிறது, அவள் கையிலிருந்த துளசித் தொட்டி ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"கூப்பிடறேம்மா. கவலைப்படாதே" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்த பாவம். இன்னொரு பக்கம் பாதி மனசு இதையெல்லாம் நம்பவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தனியாக இருக்கிற பெண், தூக்கமில்லை, டெல்லிக் காற்று வேறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அவள் போனவுடன் கீழே இறங்கினேன். காவல்காரரின் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் 704, 704. "மேடம் பேரா? 704 மேடம்தான் சாப்" என்றார் அவர். வாட்ஸப் குழுவில் வெறும் எண், படத்துக்குப் பதில் ஒரு மலை. வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில். செயலாளர் 102, ஊரில் இல்லை. கேட்டில் அவளுக்கு வந்திருந்த பார்சலைக் கூச்சமில்லாமல் எடுத்துப் பார்த்தேன். விலாசம் மழையில் நனைந்த மாதிரி கலைந்திருந்தது. எங்கள் பக்கம் ஒரு மாதமாக மழையே இல்லை.

புதன்கிழமை அவள் என்னிடம் புத்தகத்தின் மாதிரிப் பிரதி ஒன்றைக் கொடுத்து, நினைவாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆவலாக முதல் பக்கத்தைத் திறந்தேன். சங்கத்தின் பெயர் இருந்தது. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் இருந்தார்கள். எழுதியவள் பெயர் எங்கும் இல்லை.

"உன் பேரைப் போடலியாம்மா?" என்றேன், தூண்டில் போடுகிறவன் போல.

"அது அவங்க ஊர் புத்தகம். என் பேர் எதுக்கு?" என்று சிரித்தாள்.

அவள் பின்னால், இருட்டிய ஹாலில், சுவரோரமாக வரிசையாக எதுவோ நின்றிருந்தது போல இருந்தது. திரைச்சீலையாக இருக்கலாம். நான் உற்றுப் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன்.

வியாழக்கிழமை ஆறரை மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன்.

704 கதவு விரியத் திறந்திருந்தது.

உள்ளே வீடு இல்லை. வெள்ளையாக மூடுபனி. அதன் நடுவிலிருந்து குளிர் என் முகத்தில் வந்து மோதியது. எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம்.

ஒரு கிழக்குரல் கூப்பிட்டது.

"சரூலி."

"வந்தேன்."

யாரோ என்னைக் கடந்து போனார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. நனைந்த கம்பளி என் கையில் உரசியது.

"மோகன்."

"வந்தேன்."

கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்தது. அந்த ஏழு அடியையும் தாண்டி அந்த வாசலுக்கு வந்தேன். உள்ளே போக முடியவில்லை. படியில் நின்றேன்.

"கங்கா."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், ஒரு காலடி. கடைசியில் ஒரு குழந்தையின் குரல்கூட இருந்தது. அது ஓடிப்போகும் சத்தம் காரிடார் முழுக்கக் கேட்டது.

பனிக்குள் அவள் தெரிந்தாள்.

தலையைப் படிய வாரியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. பயணத்துக்கு நிற்கிறவள் போல நின்றுகொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. கிழக்குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் முறைக்காக.

"அம்மா! வேணாம்மா, இங்க வா!"

அவள் திரும்பவில்லை. டெல்லியில் எத்தனையோ பேர் அம்மா.

"பொண்ணே! இதோ நான் இருக்கேன், பக்கத்து வீடு!"

திரும்பவில்லை.

என் நாக்கு வாய்க்குள் எந்தெந்தப் பெயரையோ தேடியது. இந்துஜாவா? ஜ்யோத்ஸ்னாவா? பிழை திருத்தியே தேய்ந்த மண்டைக்குள் ஆயிரம் பெயர்கள் வந்தன. ஒன்றாவது அவளுடையதா என்று தெரியவில்லை. தப்பான பெயரைச் சொல்லப் பயமாக இருந்தது. கடைசியில் என்னையறியாமல் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கத்தினேன்.

"704!"

அவள் திரும்பினாள்.

டெலிவரிக்காரன் கூப்பிட்டால் திரும்புவது போலத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தெரியாது என்பதும், செவ்வாய்க்கிழமையும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும், லிஃப்டில் ரொம்ப நல்ல பெயர் என்று சொன்ன வாய் அடுத்த மாடி வருவதற்குள் அதை மறந்துவிட்டது என்பதும். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

கிழக்குரல் கூப்பிட்டது. அதட்டல் இல்லை. சாப்பிட வா என்று வீட்டில் கூப்பிடுகிற குரல்.

"அபூர்வா."

அவள் அந்தக் குரலின் பக்கம் திரும்பினாள்.

"வந்தேன்" என்றாள்.

நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கத்த மூச்செடுப்பதற்குள் ஒரு குளிர் என்னை ஊடுருவிப் போயிற்று. கதவு என் முகத்தில் அறைந்து சாத்தியது. அந்தக் கதவில் இருப்பது அமுக்கினால் விழுகிற நவீனத் தாழ்ப்பாள். நான் கேட்டது ஒரு பழைய இரும்புப் பூட்டில் பெரிய சாவி திரும்பும் சத்தம்.

"அபூர்வா! அபூர்வா!" என்று நான் கதவை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 701-ம் 702-ம் வெளியே வந்தார்கள்.

போலீஸ் வந்து மாற்றுச் சாவியால் திறந்தது. மேஜையில் டீ இன்னும் சூடாக இருந்தது. கண்ணாடி, அலைபேசி, செருப்பு எல்லாம் இருந்தன. லிஃப்ட் காமிராவில் யாரும் இறங்கவில்லை, கேட் வழியாக யாரும் போகவில்லை. காணாமல் போனவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார்கள். அவளைத் தேடி இன்றுவரை யாரும் வரவில்லை.

பூபால் சிங் மட்டும் வந்தார். நாற்பதுக்குள்தான் வயது, தலை முழுக்க நரை. மூடிய கதவின் முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கேட்டார்.

"நீங்கள் கூப்பிடவில்லையா?"

"பெயர் தெரியவில்லை" என்றேன்.

அவர் என் கதவைப் பார்த்தார், அவள் கதவைப் பார்த்தார், இடையிலிருந்த ஏழு அடியைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு மாடிப்படி வழியாக இறங்கிப்போனார். லிஃப்ட் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு நான் என் கதவைத் திறந்து, என் வாசற்படியில் நின்று, அவள் பெயரைக் கூப்பிட்டு வந்தேன். பூட்டுவதற்கு முன் ஒரு தடவை போதும் என்பது அவர்கள் வழக்கம். பூட்டிய பிறகு வேறொரு வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் பூபாலிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 702 என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும். அவர் பெயர் அனந்தகிருஷ்ணன், பாலக்காடு. இந்த மாடியில் எல்லோர் பெயரையும் இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதினேழு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

பதினெட்டாம் நாள் கூப்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு 704-ஐப் பார்த்தபடி நின்றேன். அந்தக் கதவில் அசைவில்லை. காரிடார் விளக்கு ஒருமுறை மினுக்கியது.

நனைந்த கம்பளி வாசனை என் முதுகுப் பக்கமிருந்து வந்தது. என் வீட்டுக்குள்ளிருந்து.

"அங்கிள்."

மெல்லிய குரல். சமையலறை வாசலிலிருந்து வந்தது. நான் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னொரு தடவை."

கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை அங்கிள்."

மறுபடியும் கூப்பிட்டேன். உள்ளே யாரோ நிம்மதியாக மூச்சுவிட்டது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, குழந்தை மாதிரி, அதே குரல் அதையே கேட்டது.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தால் இப்போதெல்லாம் முடிக்க மதியம் ஆகிவிடுகிறது. நிறுத்தினால் வீட்டில் குளிர் ஏறுகிறது.

நேற்று ராஜம் பேசினாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டெல்லியில் காற்று இன்னும் சரியாகவில்லை என்றேன்.